கப்பலில் ஒரு திண்ணை

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, ‘சங்க இலக்கியத்தில் நெய்தல்’ என்றோ ‘ஈழத்துப் புலவர் பரம்பரை’ என்றோ தலைப்பிட்டு ஒன்றை எழுதி அனுப்பலாமென்றே முதலில் எண்ணினேன். தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து எவரும் எதிர்பார்ப்பது அதுவே. ஆயின், அத்தகைய பொருள்களை என்னிலும் வல்ல அறிஞர் பலர் இம்மலரில் ஆராய்ந்திருப்பர். அவர்கள் எழுதாத ஒன்று என்னிடம் உண்டு. மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியன் ஒருவன், உல்லாசக் கப்பலொன்றிற் பல்கனியோடு கூடிய அறையை எடுப்பதா, யன்னலே இல்லாத உள்ளறையை எடுப்பதா என்று மூன்று கிழமை நித்திரையின்றித் தவித்த வரலாறு அது. சிரிப்பவர் சிரிக்கலாம், சிரித்தபின் சற்றுப் பொறுமையோடு படிப்பாராக.

என் தமையனார் எமது கல்லூரியின் பழைய மாணவர். இப்பொழுது மெல்பேண் நகரில் வாழ்கின்றார். அம்மாவை அவர் நேரிற் கண்டு ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. எழுபத்தாறு வயதான அம்மா அவுஸ்திரேலியா வரையிற் பறக்க உடன்படவில்லை. தமையனாருக்கோ நீண்ட விடுமுறை வாய்க்கவில்லை. எனவே இரு பகுதியாரும் இடைவழியிற் சந்திப்பதென முடிவாயிற்று. சிங்கப்பூரின் மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் என்னும் இரு துறைகளைத் தொட்டு, ஐந்தாம் நாட் காலையில் மீண்டும் சிங்கப்பூரை அடையும் நான்கு இரவுப் பயணம் ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார். முழங்கால் நோவினால் அம்மா அதிக தூரம் நடக்கமாட்டார். கப்பலிலோ நாம் இருந்த இடத்தில் இருக்க, ஊர்களே நம்மை நாடி வரும் என்பது அண்ணை கூறிய நியாயம். 2024ஆம் ஆண்டு ஓகஸ்டு விடுமுறை அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

பினாங்கு என்ற பெயரைக் கேட்டதும் அம்மா தலை நிமிர்ந்தார். என் தாய்வழிப் பாட்டனார் மலாயா றெயில்வேயிற் கிளாக்கராக இருந்தவர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டிலே பேராக் பகுதியின் தைப்பிங் நகரிலிருந்து துறைமுகத்துக்கு இடப்பட்டது. அக்காலந் தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அந்நாட்டு நிலையங்களிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, முதுமையிற் பென்சனோடு ஊருக்கு மீண்டு, கல்வீடு கட்டி வாழ்ந்தமையை மூத்த வாசகர் அறிவர். அம்மா 1948இல் தைப்பிங்கிற் பிறந்த கடைக்குட்டி. பாட்டனார் பென்சன் பெற்ற 1955இல், ஏழாவது வயதில், கப்பலேறி ஊர் வந்தவர். பிறந்த மண்ணைப் பற்றி அவருக்கு நினைவிருப்பன இரண்டே: ஓயாத மழை, வீட்டுக்குப் பின்னாலே ஒரு நீல மலை.

இனி வழக்குக்கு வருவோம். பயணச் செலவையும் உள்ளறைக் கட்டணத்தையும் தாமே ஏற்பதாக அண்ணை கூறிவிட்டார். அவர் தம் குடும்பத்துக்கும் உள்ளறையே எடுத்தார். பல்கனி அறை வேண்டுமாயின் அதற்குரிய வேறுபாட்டையும் தருவதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். நான்தான் உடன்படவில்லை. தமையன் வாங்கித் தந்த சோற்றை உண்பதில் இழிவில்லை. அதற்கு நெய்யும் கேட்பது அழகன்று. அம்மா, மனைவி, நான் ஆகிய மூவரும் தங்கும் அறைக்குப் பல்கனி வேண்டுமாயின் அந்த மேலதிகத்தை நானே கட்டுவதென உறுதி கொண்டேன். அத்தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தை அண்மித்தது.

என்னிடம் அவ்வளவு பணம் இருந்தது. ஆயின் அதற்கு வேறொரு பெயர் இடப்பட்டிருந்தது. எங்கள் வீட்டின் முன்திண்ணை 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் நாங்கள் மீண்டு வந்து பார்த்தபொழுது பாதி இடிந்து கிடந்தது. கூரை, கதவு, கிணற்றுக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திருத்தினோம். திண்ணையின் முறை மட்டும் வரவேயில்லை. அதனைக் கட்டிச் சீமெந்து பூசுவதற்காகவே ஆசிரியர் சிக்கனக் கடனுதவிச் சங்கத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தேன். நிலத்திலே நிலைத்து நிற்கும் திண்ணையை விட்டு, நான்கு இரவில் மறையும் கப்பல் திண்ணைக்குப் பணத்தைக் கொடுப்பதா என்பதே என் முன் நின்ற வினா.

கப்பலறைகள் பொதுவாக நான்கு வகைப்படும். கப்பலின் நடுவுடலிலே, வெளிச்சுவரைத் தொடாது அமைந்தது உள்ளறை. அதற்கு யன்னல் இல்லை. வெளிச்சுவரிலே திறக்க முடியாத கண்ணாடி யன்னலோடு அமைந்தது கடற்காட்சி அறை. கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே சென்று இருக்கக்கூடிய சிறு மேடையுடையது பல்கனி அறை. இவற்றினும் விரிந்த செல்வர் மனைகள் நான்காம் வகை. கட்டணமும் இவ்வொழுங்கிலேயே ஏறும். அறைக்கு இருவர் என்று கொண்டு, தலைக்கு இவ்வளவென்று கணக்கிடுவது வழக்கம். மூன்றாமவர்க்குச் சலுகை கிடைப்பதுண்டு. தனியே செல்பவர் ஏறக்குறைய இருவர்க்குரிய தொகையைக் கட்ட நேரிடும்.

பல்கனி என்பது கப்பலுலகிற் புதிய வசதியே. 1912இல் மூழ்கிய தைத்தானிக் கப்பலிற்கூட, தமக்கென்று தனி உலாவுமேடை பெற்றிருந்தவை இரண்டே இரண்டு அறைத்தொகுதிகள். எல்லா அறைகளும் வெளிப்புறம் நோக்க, அவற்றுட் பலவற்றிற்குப் பல்கனியும் வாய்த்த ‘றோயல் பிரின்சஸ்’ என்னும் கப்பல் 1984இலே கடலில் இறங்கியது. அதன் பின்னரே ஏனைய கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று பெருங்கப்பல் ஒன்றைக் கரையிலிருந்து நோக்குவார்க்கு அது மிதக்கும் தேன்கூடு போலத் தோன்றுகிறது. 2009இல் ஓடத் தொடங்கிய ‘ஒயாசிஸ் ஒவ் த சீஸ்’ கப்பலில், கடலை நோக்காது கப்பலின் நடுவேயுள்ள பூங்காவை நோக்கும் பல்கனிகளும் உள. கடலிற் சென்று கடலைக் காணாதிருக்கவும் காசு கொடுப்பார் உளர் போலும்!

நம் முன்னோர் இவையொன்றும் அறியார். 1926இற் கட்டப்பட்டு, சென்னை, நாகபட்டினம் ஆகிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலிலே பெரும்பாலார் தளப் பயணிகள். பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, மேல்தளத்திற் கிடந்தவர்கள். கடல் முழுவதும் அவர்களுடையதாயிருந்தது. வெயிலும் மழையும் அவ்வாறே.

என் மனைவி கணக்கு ஆசிரியையாதலின் வழக்கை எண்ணாலே தொடுத்தாள். “இஞ்சருங்கோ, அறைக்குள்ளை நாங்கள் நித்திரை கொள்ளத்தானே போறம்? மேல்தளத்திலை நின்று பார்த்தால் கடல் நாலு பக்கமும் தெரியும். பல்கனியிலை ஒரு பக்கந்தான். நாலு பக்கம் இனாம், ஒரு பக்கத்துக்கு ரண்டு மாதச் சம்பளமோ?” என்றாள். இதற்கு விடையிறுத்தல் எளிதன்று. உணவும் நாடக அரங்கும் நீச்சற்குளமும் உள்ளறையார்க்கும் பல்கனியார்க்கும் ஒன்றே. பணியாளர்க்கென நாடோறும் அறவிடும் கொடையும் பெரும்பாலான கப்பல்களில் இவ்விரு வகையார்க்கும் வேறுபடுவதில்லை. மேலும் எமது பயணம் அயனவலயத்துக் கடலில். வெக்கையும் ஈரமும் மிகுந்தது. குளிரூட்டிய அறையின் கதவைத் திறந்து வைத்தால் அறை வியர்க்கும். மூடி வைத்தால் பல்கனி இருந்தும் இல்லாததே. நோர்வேயின் மலையிடைக் கடல்களிலும் அலாஸ்காவின் பனியாறுகளிடையும் செல்பவர்க்கு, குளிரிலே போர்வையோடு தம் அறை வாயிலில் இருந்து காண்பதற்கு நாளெல்லாம் காட்சி உண்டு. இரண்டு நாள் துறையிற் கழியும் நான்கு இரவுப் பயணத்துக்கு அந்த நியாயம் செல்லாது.

அசைவைப் பற்றியும் ஆராய்ந்தேன். நடுவிலே தாங்கிய பலகையின் இரு முனைகளிலும் சிறுவர் ஏறியிருந்து ஆடும்பொழுது முனைகள் உயர்ந்து தாழ, நடு பெரிதும் அசையாதிருக்கும். கப்பலும் அத்தகையதே. நீள வாக்கில் நடுவிலும், உயரத்திலே கீழ்த்தளங்களிலும் இருப்பவர்க்கு ஆட்டம் குறைவு. பல்கனிகளோ பெரும்பாலும் மேல்தளங்களிலேயே உள்ளன. எனவே காட்சியை வாங்குபவன் அதனோடு சிறிது ஆட்டத்தையும் வாங்குகின்றான்.

என் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைபேசியிலே கப்பலின் தள வரைபடத்தைக் காட்டினான். இருவரும் அதனை, புவியியற் பரீட்சைக்குத் தேசப்படம் படிப்பாரைப் போலப் படித்தோம். நீச்சற்குளத் தளத்துக்கு நேர் கீழேயுள்ள அறைகளில் நாற்காலி இழுக்கும் ஓசை விடியற்காலையிலேயே கேட்கும்; மேலும் கீழும் அறைகளே அமைந்த தளம் அமைதியானது. எமக்கு முதலிற் கிடைத்த பல்கனி அறை விலை குறைந்திருந்தது. அதற்குரிய காரணத்தை அம்மாணவனே கண்டுபிடித்தான். அதன் முன்னே உயிர்காப்புப் படகொன்று தொங்கியது. அதனை எடுத்திருந்தால் நான்கு நாளும் செம்மஞ்சட் படகின் முதுகைத் தரிசித்து வந்திருப்போம். அறையின் இலக்கத்தைக் கம்பனியே பின்னர் தெரிந்து தரும் மலிவு முறையும் உண்டு. அது சீட்டெடுப்பது போன்றது. முதியவரோடு செல்பவர்க்கு ஏற்றதன்று.

இவ்வாறு ஆராய்ந்தும் முடிவு பிறக்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். “எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி. திண்ணையைக் கட்டு” என்றார். நம்மூர் அன்னையரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் காண முடியாது.

அன்றிரவு, பெட்டி அடுக்குவதற்காகப் பழைய சூட்கேஸ் ஒன்றை இறக்கினேன். அதன் பிடியிலே கடதாசித் துண்டொன்று இன்னும் ஒட்டியிருந்தது. அம்மாவின் பெயரும், ‘காங்கேசன்துறை – திருகோணமலை’ என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. அதனைக் கண்டபின் என் வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாறியது.

2006ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே கண்டி வீதி மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்தார் தெற்கே செல்வதற்குக் கப்பலையும் விமானத்தையுமே நம்பவேண்டியதாயிற்று. அம்மாவின் கண்களிற் புரை படர்ந்து, முகங்களைக் குரலால் அறியும் நிலை வந்திருந்தது. கொழும்பிலே சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. அனுமதிக்கும் இடத்துக்குமாகக் காத்திருந்து, காங்கேசன்துறையிற் கப்பலேறினோம். எமக்குக் கிடைத்தது கீழ்க் கூடம். அங்கே யன்னல் இல்லை. இரவு முழுவதும் குழல் விளக்குகள் அணையாது எரிந்தன. குழந்தைகள் அழுதன, பலர் வாந்தியெடுத்தனர், இயந்திரத்தின் அதிர்வு முதுகெலும்பில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பாயில் இருந்தபடி என் கையைப் பிடித்திருந்தார். ஒரு மணிக்கொருகால், “தம்பி, விடிஞ்சிட்டுதோ?” என்று கேட்டார். முதன்முறை மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினொன்று. “இன்னும் இல்லை அம்மா.” மீண்டும் கேட்டார். மீண்டும் அவ்விடையே. விளக்கின் வெளிச்சம் மாறாது நின்றமையால் அவருடைய மங்கிய கண்ணுக்கு இரவும் பகலும் ஒன்றாயின. எத்தனை முறை கேட்டார் என்பதை நான் எண்ணவில்லை. ஒருமுறை பொறுமை இழந்து, “விடிஞ்சால் நான் சொல்லுவன்தானே!” என்று கடிந்துவிட்டேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. விடிந்தபொழுது நான் உறங்கிப்போயிருந்தேன்.

சத்திரசிகிச்சை நன்றே நிறைவேறியது. இன்று அம்மா பத்திரிகையைக் கண்ணாடியோடு தாமே படிக்கின்றார். எனினும் அந்தக் கடிந்த சொல் பதினெட்டு ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. யன்னலற்ற அறையில் அம்மாவை இன்னொருமுறை கடலிற் கொண்டுசெல்வதில்லையென அந்தச் சூட்கேசின் முன்னே முடிவு செய்தேன். மறுநாள் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்று பணத்தை எடுத்தேன். மனைவிக்குக் காரணத்தைச் சொன்னேன், அவள் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு, “அப்ப வலப்பக்கமோ இடப்பக்கமோ?” என்று மட்டும் கேட்டாள்.

அதுவும் கேட்கத்தக்க கேள்வியே. ஆங்கிலத்திற் ‘பொஷ்’ என்றொரு சொல் உண்டு. செல்வச் செருக்கான என்பது அதன் பொருள். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த வெள்ளையர், வெயில் படாதிருக்க வரும்போது இடப்பக்க அறையும் மீளும்போது வலப்பக்க அறையும் கேட்டதாகவும், அச்சொற்றொடரின் முதலெழுத்துக்களே இச்சொல்லாயின எனவும் ஒரு கதை வழங்குகின்றது. அதற்குச் சான்று இல்லையென அகராதியாளர் மறுப்பர். எனினும் கதையின் உட்கருத்து மெய்யே: பல்கனிக்குக் காசு கொடுப்பவன், கரை எந்தப் பக்கம் வரும், ஞாயிறு எந்தப் பக்கம் எழும் என்பவற்றைப் பார்த்துக் கொடுத்தல் வேண்டும். நாங்கள் செல்வது வடமேற்கு நோக்கி. வலப்புறத்தே மலாயாக் கரையும் கீழ்த்திசையும். அத்துடன் மலாக்கா நீரிணையிலே கப்பல்கள், எமது நாட்டு வீதி முறைக்கு மாறாக, வலப்புறம் ஒதுங்கியே செல்கின்றன. எனவே வடக்கே போகும் கப்பலுக்கு மலாயாக் கரை சற்று அண்மை. வலப்புற அறையையே எடுத்தோம்.

என் மனத்திலே இன்னொரு ஆசையும் இருந்தது. பினாங்குக்கு வடக்கே, கெடா மாநிலத்திலே, 1,217 மீற்றர் உயரமுடைய ஜெராய் மலை கடலை அடுத்து எழுகின்றது. பண்டை மாலுமிகளுக்குத் திசை காட்டிய மலை அது. அதன் அடிவாரத்துப் புஜாங் பள்ளத்தாக்கிலே பழைய கோயில்களின் இடிபாடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதுவே நாம் கடாரம் என வழங்கும் தேசம். இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் வென்ற நாடு. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கும் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் உரைப்பர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாள் முதல் இருபதாண்டுகளாக அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவந்த எனக்கு, அம்மலையை ஒருமுறை கண்ணாற் காணும் வேட்கை பெரிது.

பயணத்தின் முதன்மாலை சிங்கப்பூரை விட்டு நீங்கினோம். நீரிணையின் அந்தத் தென்முனையிலே, பிலிப் கால்வாய் என்னும் இடம் மூன்று கிலோமீற்றருக்கும் குறைந்த அகலமுடையது. எமக்கு முன்னும் பின்னும் எண்ணெய்க் கப்பல்களும் கொள்கலக் கப்பல்களும் திருவிழாவுக்குச் செல்லும் வண்டில்கள் போல நிரையாகச் சென்றன. எமது பல்கனி நான்கடி அகலம் இருக்கும்; இரண்டு நாற்காலிகளும் சிறு மேசையொன்றுமே அதற்குள் அடங்கின. வெளியே அடியெடுத்து வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி புகார் மூடியது போலாயிற்று. குளிரறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்ததன் விளைவு. அயல் பல்கனியார் கைபேசியிற் பாட்டு ஒலிபரப்பினர். இரண்டு மாதச் சம்பளம் கண்ணெதிரே ஆவியாவது போலிருந்தது. ஒன்றும் பேசாது சென்று படுத்துவிட்டேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். அறையெங்கும் சாம்பல் நிற ஒளி. அம்மா திரைச்சீலையை விலக்கிவிட்டு என் கட்டிலருகே நின்றார். ஊரிலே அவர் நாலரை மணிக்கு எழுந்து விளக்கேற்றுபவர். நமது நாலரை, மலாயாவில் ஏழு மணி. அவர் தம் வழக்கப்படி எழுந்தார். ஞாயிறும் அவ்வேளையிலேயே எழுந்தது.

“தம்பி, விடிஞ்சுபோச்சு” என்றார்.

எழுந்து அவரோடு வெளியே சென்றேன். கடல் தளும்பாத பாத்திரம் போலக் கிடந்தது. சுமத்திராத் தீவு தென்மேற்குப் பருவக்காற்றை மறிப்பதால் நீரிணைக்குள்ளே பெரும்பாலும் அமைதிதான். கீழ்வானிலே, தண்ணீர்க் கோட்டுக்கு மேல், மெல்லிய நீலத்தில் ஒரு மலைத்தொடர் தெரிந்தது. அது பேராக் கரை. அம்மாவிடம் சொன்னேன். தைப்பிங் அதற்கும் வடக்கே, உள்நாட்டில் உள்ளது. அவர் நினைவிலுள்ள மலை அம்மலையென்று நான் கூறவில்லை. அவரும் வினவவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஒளி ஏறி மலை மறையும் வரை பார்த்து நின்றார். பழைய கப்பலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சிறிது நேரத்திற் கதவு தட்டும் ஓசை கேட்டது. அண்ணை இரண்டு கோப்பைத் தேநீரோடு நின்றார். “உள்ளறையிலை இரவோ பகலோ தெரியேல்லையடா” என்று சிரித்தார். அம்மாவுக்கருகிலிருந்த மற்ற நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலிகள் இரண்டே ஆதலால் நானும் மனைவியும் உள்ளே வந்து, கண்ணாடிக் கதவை மூடினோம். ஒன்பது ஆண்டுப் பேச்சு அவர்களுக்கு இருந்தது. அதன்பின் ஒவ்வொரு காலையும் அவ்வாறே நடந்தது.

கடாரத்தின் கதையையும் ஒளியாது கூறவேண்டும். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் கீழே இத்தகைய உயர்ந்த கப்பல்கள் செல்லமாட்டா. ஆகவே எமது கப்பல் தீவை மேற்கே சுற்றி, வடவாயிலால், தென்கிழக்கு நோக்கித் திரும்பியே துறையை அணைந்தது. நான் தளவரைபடத்தைப் படித்த அளவுக்குத் தேசப்படத்தைப் படிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வலப்புறப் பல்கனியில் பினாங்குத் தீவின் காட்டுமலைகள் தெரிய, ஜெராய் மலை இடப்புறத்தே எழுந்தது! செய்தியறிந்து மேல்தளத்துக்கு ஓடினேன். உள்ளறையாரும் பல்கனியாரும் ஒருங்கே நின்ற அந்தத் திறந்த வெளியிலே, ஒரு சதமும் செலவின்றி, முகில் சூடிய கடாரத்து மலையைக் கண்குளிரக் கண்டேன். மனைவி அருகே வந்து, “நாலு பக்கமும் இனாம்” என்றாள். ஒப்புக்கொண்டேன்.

பினாங்கிலே 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றோம். புக்கெட்டை நெருங்கிய இரவில், சுமத்திராவின் மறைப்பு நீங்கிய திறந்த கடலில், அலை எழுந்து கப்பல் அசைந்தது. மழை பல்கனி நாற்காலிகளை நனைத்தது. மறுநாள் மற்றவர்கள் கரைக்கு இறங்கினர், அம்மா இறங்கவில்லை. திரும்பி வந்தபொழுது, நாற்காலியைத் துடைத்துவிட்டு, சிறு படகுகள் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியத் தொழிலின் பழக்கத்தினால், பல்கனிக்கு வரவுப் பதிவு ஒன்று வைத்திருந்தேன். நான்கு இரவுப் பயணத்தில் மனைவி 6 மணித்தியாலம், நான் ஏழரை, உள்ளறையே போதுமென்ற அண்ணை 11, அம்மா 23. என் ஏழரை மணிக்காக மட்டும் அத்தொகையைக் கொடுத்திருந்தேனாயின், அது அறிவீனமே. அம்மாவின் பெயருக்கு நேரே எழுதிய இலக்கத்தைப் பார்க்கும்போது கணக்கு வேறாகின்றது.

முதன்முறை கப்பலிற் செல்ல எண்ணும் அன்பர் என்னை வினவின் கூறுவது இதுவே. இளையோராய், பகலெல்லாம் துறைகளில் இறங்கித் திரிவோராயின், உள்ளறையை எடுங்கள். நள்ளிரவு போன்ற அவ்விருளிலே நித்திரை நன்று. மிஞ்சிய பணத்தாற் கரையைப் பாருங்கள். வழியே காட்சியாய் அமையும் கடலாயின் பல்கனியைப் பற்றி எண்ணலாம். கரைக்கு இறங்க முடியாத முதியவரோ நோயாளரோ உடன் வருவாராயின், அவருக்கு அதுவே ஊர், தயங்க வேண்டாம். சிறு பிள்ளைகள் உளராயின் கதவின் தாழைக் கவனியுங்கள். பல்கனியிற் புகைத்தல் ஆகாது; 2006 மார்ச்சிலே கரிபியன் கடலிற் பெருங்கப்பல் ஒன்றின் பல்கனிகளிலே பற்றிய தீ, பின்னர் உலகக் கப்பல் விதிகளையே திருத்தச் செய்தது. வலமா இடமா என்பதைத் தேசப்படத்தை விரித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள், தமிழாசிரியனை நம்பவேண்டாம்.

எங்கள் வீட்டுத் திண்ணை இன்னும் கட்டப்படவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் மீண்டும் சேர்க்கத் தொடங்கியுள்ளேன். யூபிலி விழாவுக்கு ஊர் வருவதாக அண்ணை எழுதியிருக்கின்றார். திண்ணை முடியாவிடினும் முற்றத்திலே இரண்டு நாற்காலி போட இடமுண்டு. எமது கல்லூரி பல்லாண்டு நின்று நிலவுக. கடல் கடந்த மாணவரெல்லாம் அதன் முற்றத்திற் கூடுக.